ஏழாம் நம்பர் ஃபிரேம் நூற்ற முடி

முனீஸ்வரி செத்த ஒன்பதாம் நாள் காலை ஷிஃப்ட்டில், அந்த நூல் மில்லின் ஏழாம் நம்பர் ஃபிரேம் பஞ்சை வாங்கிக்கொண்டு முடியைக் கொடுத்தது. நம்பினால் நம்புங்கள்; நம்ப முடியவில்லை என்றால் டவுன் பஸ் ஏறி மில் ஸ்டாப்பில் இறங்கி கேட் வாட்ச்மேனைக் கேளுங்கள், அவரும் இதையேதான் சொல்வார், கொஞ்சம் கூட்டியே சொல்வார். மேலேயிருந்து பஞ்சுத் திரி வெள்ளை வெளேரென்று இறங்குகிறது, உருளைகளுக்கு நடுவில் புகுந்து வெளியே வருகிறது, வந்தால் கீழே வரிசையாகச் சுழல்கிற பாபின்கள் அத்தனையிலும் நூலுக்குப் பதிலாக முடி ஏறிக்கொண்டிருக்கிறது, கன்னங்கரேலென்று, இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஈரத்தோடு, சுருள் சுருளாக, சீயக்காய் வாசனையோடு.

"யாத்தே! இது முனீசு முடில்ல?" என்றாள் பக்கத்து ஃபிரேம்காரி. யாரும் ஓடவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. ஃபிட்டர் வந்து பார்த்து, எண்ணெய் விட்டு, உருளையைக் கழற்றி மாட்டி, பஞ்சில் ஏதோ கோளாறு என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று ஃபிரேம் தள்ளி நின்ற பாண்டிமீனா மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த முடி யாரைத் தேடி வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டாள், இரண்டும் ஒன்றுதான்.

பாண்டிமீனாவும் முனீஸ்வரியும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே வேனில் வந்து இறங்கியவர்கள், பாண்டிமீனா முதுகுளத்தூர்ப் பக்கம், முனீஸ்வரி சாயல்குடிப் பக்கம். வேனில் பேச்சு ஆரம்பித்ததே முடியை வைத்துத்தான். இரண்டு பேருக்கும் சுருட்டை, சாதாரணச் சுருட்டை இல்லை, சீப்பை உடைக்கிற சுருட்டை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தியைக் குருவிக்கூடு என்றார்கள், இன்னொருத்தியைத் தேங்காநார் என்றார்கள். ஒருத்திக்கு அம்மா எண்ணெயை ஊற்றி ஊற்றி வழித்துப் பின்னினாள், இன்னொருத்தியை அத்தை உட்காரவைத்துத் துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியாலேயே தேய்த்து காதைச் சுட்டாள். அதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்து, வேன் மில் கேட்டுக்குள் நுழையும்போது இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்ததுகள் மாதிரி ஆகிவிட்டன.

அப்போதுதான் ஏழு மணி சீரியலில் அந்த வக்கீலம்மா வந்தாள். அதுவரைக்கும் டிவியில் சுருட்டை முடி என்றால் அது பேயாக இருக்கும், இல்லாவிட்டால் மாமியாருக்கு விஷம் வைக்கிற மருமகளாக இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் அடிவாங்கிச் சிரிப்புக் காட்டுகிற வேலைக்காரியாக இருக்கும். இவளோ கதாநாயகி. தலை நிறையச் சுருட்டையைப் பின்னாமல் கட்டாமல் அப்படியே விட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நடந்து வருவாள், ஜட்ஜே எழுந்து நிற்பார். ஹாஸ்டலில் இருந்த நானூறு பிள்ளைகளும் ஒரு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த முடியைப் பார்த்தார்கள், அதில் சுருட்டை முடிக்காரிகள் அறுபது எழுபது பேர் பெருமூச்சு விட்டுப் பார்த்தார்கள், முனீஸ்வரி எழுந்து நின்றே பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் மொட்டை மாடியில் தலைக்குக் குளித்துவிட்டு, முடியை விரித்துப் போட்டு, வக்கீலம்மா மாதிரியே நாலு எட்டு நடந்தாள். அதைப் பாண்டிமீனா போனில் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினாள். அவ்வளவுதான் நடந்தது.

மில்லுக்குள் கதை வேறு. அங்கே எல்லாருக்கும் ஒரே அளவுத் தொப்பி, வழவழவென்று எண்ணெய் வைத்துப் படிந்த தலைக்கு என்று தைத்தது. முனீஸ்வரி முடியை முறுக்கி, கொண்டை போட்டு, ஊசி குத்தி, அதன்மேல் தொப்பியை அமுக்கினாலும் அரை மணி நேரத்தில் அது மெல்ல மேலே ஏறி நிற்கும். பெரிய தொப்பி வேண்டும் என்று மூன்று தடவை கேட்டாள். சூப்பர்வைசர் வெங்கிடுசாமி மூன்று தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "தொப்பிக்குத் தக்கன தலைய வெச்சுக்க கண்ணு." ஏழாம் நம்பர் ஃபிரேமின் ஓரத்தில் பெல்ட் ஓடுகிற இடத்துக்கு ஒரு தகர மூடி உண்டு, அடிக்கடி கழற்றி மாட்ட நேரமாகிறது என்று அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முனீஸ்வரி அந்த இடத்தில் குனிந்து கழிவுப் பஞ்சை அள்ளினாள், தொப்பி நழுவியது, கொண்டை சரிந்தது, பெல்ட் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாண்டிமீனா பார்த்தாள். முழுதும் பார்த்தாள். மறுநாள் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, டீ கொடுத்து, அவள் போனை வாங்கி அந்த மாடி வீடியோவை ஓடவிட்டார்கள்.

"இது ஷிஃப்ட்டுல எடுத்தது" என்றார் மானேஜர்.

"இல்ல சார், ஞாயித்துக்கெழம. மாடில எடுத்தது."

"ஷிஃப்ட்டுல எடுத்ததும்மா. எடுத்தது யாரு? நீ. போலீசு மொதல்ல யாரைக் கூப்பிடும்? நீயே சொல்லு. அவளாத்தான் தொப்பியக் கழட்டித் தலைய விரிச்சுப் போட்டா, சீரியல்காரி மாதிரி நடந்து காட்டுனா, நான் வேணாம்னு சொல்லியும் கேக்கலன்னு எழுதிட்டீன்னா ஒனக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

எழுதினாள். பயம்தான், வேறென்ன, இருபது வயசு, போலீஸ் என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டிலிருந்து வந்தவள். கையெழுத்தைப் போட்டுவிட்டு மிச்ச டீயையும் குடித்தாள், அந்த டீயைக் குடித்ததை நினைத்து நினைத்துப் பிற்பாடு எத்தனையோ முறை வாந்தி எடுத்தாள். "சீரியல் மோகத்தால் இளம்பெண் பலி" என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அந்தப் பேப்பரும் முனீஸ்வரியும் ஒரே வண்டியில் ஊருக்குப் போனார்கள். தன் பிள்ளை தன் பகட்டாலேயே செத்தாள் என்று அங்கே ஒரு தாய் நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்படி நம்பவைத்தது தான்தான் என்பது பாண்டிமீனாவுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் முடி வந்தது.

மில் என்ன செய்தது என்று கேளுங்கள். முதலில் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டார்கள், அடுத்த ஷிஃப்ட்டில் ஏறி நின்றது. பூசாரி வந்து பூசணிக்காய் உடைத்தார், எலுமிச்சம்பழம் கட்டினார், அன்றைக்கு முடி இன்னும் கொஞ்சம் பளபளப்பாக வந்தது. பிறகு டவுனிலிருந்து சவுரி வியாபாரி ஒருவர் வந்து, ஒரு கொத்தை எடுத்து முகர்ந்து, இழுத்துவிட்டு, அது துள்ளிச் சுருள்வதைப் பார்த்து, "இங்கே இதைச் சீந்த மாட்டாங்க, வெளிநாட்டுல கொத்திக்கிட்டுப் போவாங்க" என்றார். அதோடு மானேஜருக்குப் பயம் தெளிந்துவிட்டது. ஏழாம் நம்பருக்கு என்று தனி டார்கெட் போட்டார்கள். நேராக இருந்தால் உள்ளூரிலும் போகுமே என்று ஆவியில் காட்டி நீட்டிப் பார்த்தார்கள். கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நேராக இருக்கும், லாரி மெயின் ரோட்டில் திரும்பினதும் பழையபடி சுருண்டுகொள்ளும். சரி போகட்டும் என்று சுருட்டையாகவே விட்டு, இயற்கைச் சுருள் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்தார்கள். இதற்குப் பிறகு அந்த ஃபிரேம் ஒரு அதிசயமாகவே யாருக்கும் தோன்றவில்லை. நூற்கிற ஃபிரேம் இருபத்துமூன்று, முடி வருகிற ஃபிரேம் ஒன்று, அவ்வளவுதான் கணக்கு.

சுருட்டை முடியைக் கையாளச் சுருட்டை முடிக்காரிக்குத்தான் தெரியும் என்று பாண்டிமீனாவை அங்கே மாற்றினார் வெங்கிடுசாமி. சாட்சி சொன்னதற்கு மரியாதையாம். தினமும் எட்டு மணி நேரம் அவள் அந்த முடியைச் சிக்கெடுத்தாள். காய்ந்த முடியில் சீப்பு போடக் கூடாது, நனைத்து, விரலால் அடியிலிருந்து மேலே பிரித்துக்கொண்டு வர வேண்டும் என்று அந்த முடிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள். யாரோ போனில் பார்த்து ஆளி விதையைக் கொதிக்கவைத்து வழவழவென்று வடித்துத் தடவினார்கள், யாரோ செம்பருத்தி இலையைக் கசக்கினார்கள். இஸ்திரிப் பெட்டியை முடிக்கு வைக்கிற பழக்கம் ஹாஸ்டலை விட்டே ஒழிந்தது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடிக்குப் போனால் அறுபது எழுபது தலையும் விரிந்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், "என்ன இது ஒங்க சுருளு, கம்பி மாதிரி!" "ஒங்களுது மட்டும் என்னவாம், முறுக்குச் சுட்ட மாதிரி!" என்று ஒரே சிரிப்பாக இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மகளிர் தினத்தன்று மானேஜரே, இயற்கை அழகே அழகு என்று பேனர் கட்டி, சுருட்டை முடிப் போட்டி வைத்து, முதல் பரிசு டிபன் கேரியரைப் பாண்டிமீனாவுக்குக் கொடுத்தார். கைதட்டிவிட்டு எல்லாரும் அதே சின்னத் தொப்பியை மாட்டிக்கொண்டு மதிய ஷிஃப்ட்டுக்குப் போனார்கள்.

அந்த முடி பாண்டிமீனாவை ஒன்றும் செய்யவில்லை. கழுத்தை இறுக்கும் என்று எதிர்பார்த்தாள், ஒரு நாளாவது விரலையாவது அறுக்கும் என்று எதிர்பார்த்தாள். அது குளிர்ச்சியாக வந்து அவள் விரலில் சுற்றிக்கொண்டது, வேனில் வந்த அன்றைக்கு முனீஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டது போல. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எட்டு மாதம் ஓடியது. சீரியலில் வக்கீலம்மாவாக நடித்தவள் விலகிக்கொண்டாள், இவருக்குப் பதில் இவர் என்று போட்டு வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். புதியவளுக்கு நேர் முடி, ஆனால் வக்கீலம்மாவுக்குச் சுருட்டைதானே அடையாளம், அதனால் டோப்பா வைத்திருந்தார்கள். கோர்ட் வாசலில் கார் நின்று, கதவு திறந்து, அவள் தலையைத் தூக்கியதும் ஹாஸ்டல் டிவிக்கு முன்னால் நானூறு பேரும் முட்டி போட்டு எழுந்து பார்த்தார்கள். "அது முனீசு" என்றாள் ஒருத்தி மெதுவாக. எல்லாருக்கும் தெரிந்தது. பாண்டிமீனா எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள்.

இங்கே தெரிந்தது சாயல்குடிக்குத் தெற்கேயும் தெரிந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மில் கேட்டில் ஒரு அம்மா வந்து நின்றாள், கையில் மஞ்சள் பை. பெயர் செல்லக்கனி, முனீஸ்வரியைப் பெற்றவள். "எம்புள்ள முடி டிவியில வருது. பதினெட்டு வருசம் எண்ண தேச்ச கையி, எனக்குத் தெரியாதா? எங்கன வச்சிருக்கீக?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள். அவர் பயந்துபோய் ஆபீசுக்குச் சொல்ல, மானேஜர் பயப்படாமல் சந்தோஷப்பட்டார். ஒரு பொன்னாடை வாங்கிவரச் சொல்லி, ஃபோட்டோகிராபரையும் கூப்பிட்டு, ஏழாம் நம்பர் ஃபிரேமுக்குப் பக்கத்தில் வைத்து அந்தத் தாயைக் கௌரவிப்பது என்று முடிவு செய்தார்.

செல்லக்கனி பொன்னாடையைக் கவனிக்கவே இல்லை. பாபின்களில் ஏறுகிற முடியையே பார்த்தாள். பிறகு பாண்டிமீனாவைப் பார்த்தாள், அவள் காதோரம் வந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "நீதான பாண்டிமீனா? போன்ல ஒன்னையப் பத்தித்தான் தாயி பேசுவா. நீ வேணாம்னு சொன்னியாமுல்ல. நீயாவது தடுத்துப் பாத்தியே. நல்லாருப்ப, மகராசி."

பாண்டிமீனா கையிலிருந்த முடியை விட்டுவிட்டாள். அவள் ஒன்றும் சொல்வதற்குள் அந்த அம்மா முடிக்கற்றை ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, அதனோடு பேச ஆரம்பித்தாள். சத்தம் குறைத்துப் பேசினாலும் பாண்டிமீனாவுக்குப் புரிந்தது, ஏனென்றால் மில்லில் வேலை செய்கிறவர்களுக்குக் காது பாதிதான், மீதி எல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். இந்தச் சனியன் முடிய வச்சு ஒன்ன எத்தன அடி அடிச்சிருப்பேன்டி. அந்தச் சீரியலப் பாத்த அன்னிக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. ஒன் முடிதான்டி அழகு, கட்டாத, விரிச்சுப் போடுன்னு போன்ல சொன்னேன். நான் சொன்னதக் கேட்டுத்தான விரிச்சுப் போட்ட. நாந்தான்டி ஒன்னையக் கொன்னேன்.

"இல்லம்மா!" என்று பாண்டிமீனா கத்தினாள். "அவ விரிச்சுப் போடல! இறுக்கித்தான் கட்டியிருந்தா! தொப்பி பத்தல, மூணு தடவ கேட்டா, குடுக்கல! பெல்ட்டுக்கு மூடி இல்ல! நான் எழுதிக் குடுத்தது பொய்யி!"

"என்ன தாயி?" என்றாள் செல்லக்கனி. மெஷின் சத்தத்தில் அவளுக்கு ஒரு வார்த்தை விழவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் பாண்டிமீனாவின் உதட்டைப் படித்துவிட்டார்கள். கைகள் நின்றன. பாண்டிமீனா இரண்டாம் தடவை கத்தினாள், அடுத்த வரிசையும் படித்தது. இழை அறுந்தது, யாரும் முடிச்சுப் போடவில்லை. வெங்கிடுசாமி ஓடிவந்து, "வாய மூடு புள்ள!" என்று கையை ஓங்கினார், அதையும் எல்லாரும் படித்தார்கள். யாரோ ஒருத்தி சுவிட்சை அணைத்தாள், பக்கத்திலும் அணைந்தது, இருபத்துமூன்று ஃபிரேமும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, ஏழாம் நம்பர் மட்டும் ஓடியது. மூன்றாம் தடவை அவள் கத்த வேண்டியிருக்கவில்லை, சாதாரணமாகவே சொன்னாள். செல்லக்கனி கேட்டாள். கேட்டு முடிக்கும்போது ஏழாம் நம்பரில் முடி நின்று, வெள்ளை நூல் ஏற ஆரம்பித்திருந்தது.

செல்லக்கனி ஓங்கி ஓர் அறை விட்டாள். பாண்டிமீனாவின் தொப்பி தெறித்துப் போனது. "எட்டு மாசம்டி" என்றாள். "எட்டு மாசமா நான் சோறு திங்கல." அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பஞ்சுத் தூசியில் இரண்டு கையையும் அடித்துக்கொண்டு அழுதாள், பிள்ளை செத்த அன்றைக்கு அழாத அழுகை.

மானேஜர் நூலைப் பார்த்தார். பாண்டிமீனாவை ஓரமாகக் கூப்பிட்டு, நிஜமாகவே கெஞ்சினார். "ஏம்மா, நீ சொன்னத வாபஸ் வாங்கிக்கிட்டா முடி திரும்ப வரும்ல? ஒரு தடவ சொல்லிப் பாரும்மா."

"வராது சார்" என்றாள் அவள். அரை மணி நேரத்தில் ஹாஸ்டலிலிருந்து அவள் பெட்டியைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரும் ஒரே சிமெண்டுப் பலகையில், ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள். மன்னிப்புக் கேட்கப் பாண்டிமீனா வாயைத் திறந்தபோது செல்லக்கனி கையைக் காட்டி நிறுத்தினாள். "எங்கிட்டக் கேக்காத. எனக்கு வராது. நீ ஊருக்கு வா. வீடு வீடாச் சொல்லு."

சரி என்று போனாள். மூன்று பஸ் மாறி, கடைசி மினிபஸ்ஸில் இறங்கி, உடை முள் மரங்களுக்கு நடுவே ஊருக்குள் நுழைந்தபோது சாயங்கால வெயில் இருந்தது. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நாலைந்து சிறு பிள்ளைகளைப் பார்த்துப் பாண்டிமீனா நின்றுவிட்டாள். பாவாடை, கையில் வளையல், காதில் தோடு, எல்லாம் இருந்தது. எல்லாத் தலையும் மொட்டை.

"பேப்பர்ல வந்துச்சுல்ல" என்றாள் செல்லக்கனி, நடந்துகொண்டே. "சுருட்ட முடி உள்ள பொம்பளப் புள்ளைக்கெல்லாம் கொலசாமி கோயில்ல வச்சு எடுத்துட்டாக. பன்னெண்டு புள்ளைக. வளர வளர எடுக்காக."

முதல் வீட்டுக் கதவைத் திறந்தது எட்டு வயசுப் பிள்ளை. தலையில் ஒரு விரல்கடை வளர்ந்து, அதற்குள்ளேயே சுருள ஆரம்பித்திருந்தது. பின்னால் அவள் அம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள். செல்லக்கனி, "சொல்லு" என்றாள். பாண்டிமீனா சொன்னாள், தொப்பியைச் சொன்னாள், மூடியைச் சொன்னாள், ஆபீசில் குடித்த டீயைக்கூடச் சொன்னாள். அந்தப் பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்லுத" என்றாள்.

பிள்ளை தலையைத் தடவிக்கொண்டே அம்மாவை அண்ணாந்து பார்த்தது. "அப்ப எனக்கு எதுக்கும்மா மொட்ட போட்டீக?"

அம்மா வாசலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள்.

பாண்டிமீனா பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "நான் பொய் சொன்னேன்டா" என்றாள். "அதுக்குத்தான்."

பிள்ளை அவளையும், தோளுக்குக் கீழே இறங்கிச் சுருண்டு கிடந்த அவள் முடியையும் பார்த்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. செல்லக்கனி பாண்டிமீனாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "நட" என்றாள். "இன்னும் பதினோரு வீடு இருக்கு."